கேஷியர் கையெழுத்தைத் தேடி ஒரு மாடிக்கடை

வேலூர் லாங் பஜாரில் மூட்டை இறக்குகிற வண்டிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போனால், ஓர் எண்ணெய்க் கடைக்கும் கயிற்றுக் கடைக்கும் இடையில் ஒரு ஆள் அகலத்துக்குப் படிக்கட்டு இருக்கிறது. பதினேழு படி. கைப்பிடி கிடையாது. மேலே ஒற்றை அறை. பழைய காசு, பழைய நோட்டு, கொஞ்சம் தபால்தலை. கீழே யாரிடமாவது "பழைய காசு பாய் கடை" என்றால் கையைத் தூக்கி மேலே காட்டுவார்கள். கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. குறையும் சொல்லத்தான் போகிறேன். பாய் நல்ல மனுஷன், மனசு கஷ்டப்படும்.

ஒரு வருஷத்தில் எட்டுத் தடவை போயிருக்கிறேன். ஆறு தடவை வாங்கினேன், ஒரு தடவை திருப்பிக் கொடுத்தேன், ஒரு தடவை சும்மா ஃபேன் காற்றுக்காக உட்கார்ந்திருந்தேன்.

நான் வங்கியில் 31 வருஷம் வேலை பார்த்தவன். பாதிக்கு மேல் கேஷ் கவுன்ட்டர், கடைசியில் ஹெட் கேஷியர், 2019ல் ஓய்வு. நோட்டு எண்ணி எண்ணிச் சலித்தவனுக்கு ஓய்வு பெற்ற பிறகும் நோட்டு மேல் என்ன ஆசை என்று வீட்டில் கேட்கிறார்கள். காரணம் சின்னதுதான். நம் நோட்டில் ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்து இருக்கும். ஒரு ரூபாய் நோட்டில் மட்டும் நிதித்துறைச் செயலாளர். இங்கிலாந்து வங்கி நோட்டில் கையெழுத்துப் போடுகிறவர் சீஃப் கேஷியர். கவர்னர் இல்லை, மந்திரி இல்லை, கேஷியர்! லண்டனிலிருந்து லீவில் வந்த ஒருத்தர் கவுன்ட்டரில் விசாரிக்கக் கொண்டுவந்த நோட்டில்தான் இதை முதலில் கவனித்தேன். நோட்டுக் கட்டின் மேல் சுற்றுகிற சீட்டில் மட்டுமே இனிஷியல் போட்டுப் பழகியவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று கேஷியர்களுக்குத்தான் தெரியும்.

அந்த வங்கி தொடங்கியது 1694ல். ஆரம்ப காலத்தில் பணம் பெறுபவர் பெயரை எழுதுவதும் கையெழுத்துப் போடுவதும் கேஷியர் கைவேலை, ஒவ்வொரு நோட்டுக்கும். 1853ல்தான் முழுக்க அச்சடித்த நோட்டு வந்து அவர்கள் விரலுக்கு விடுதலை. அப்போதும் மூன்று கேஷியர்களில் ஒருவர் கையெழுத்தை அச்சிட்டார்கள். 1870லிருந்து சீஃப் கேஷியர் ஒருவருடையது மட்டும். அதனால் சேகரிக்கிறவர்கள் ஆண்டைவிடக் கையெழுத்தைத்தான் பார்ப்பார்கள். மஹோன், காட்டர்ன்ஸ், பெப்பியாட், பீல், ஓ'பிரையன், ஹாலம் என்று வரிசையாகச் சொல்வார்கள். 1999ல் வந்த மெர்லின் லோதர்தான் அந்த நாற்காலியில் முதல் பெண். ஓ'பிரையன் 1927ல் கிளார்க்காகச் சேர்ந்தவர். சீஃப் கேஷியராகி, 1966ல் கவர்னரே ஆகிவிட்டார். இப்போது கவர்னராக இருக்கும் ஆண்ட்ரூ பெய்லியும் முன்னாள் சீஃப் கேஷியர்தான். எங்கள் கிளையில் ஹெட் கேஷியர் மேனேஜர் ஆனதைக்கூட நான் பார்த்ததில்லை. சரி, அதை விடுங்கள்.

கடைக்கு வருகிறேன். உள்ளே நுழைந்ததும் கண்ணாடிப் பெட்டியில் காசுகள். ஆற்காடு பெயரில் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த வெள்ளி ரூபாய் எப்போதும் நாலைந்து இருக்கும். ஆற்காட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஆற்காடு ரூபாய் இல்லாமல் கடை நடத்த முடியுமா என்பார் பாய். அதற்கு விசாரிப்பு அதிகம். காந்தி ரோடு லாட்ஜ்களில் தங்கி சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்திருக்கும் வங்காளிகள், டாக்டரைப் பார்க்கப் போகாத நாளில் பொழுதுபோகாமல் இங்கே ஏறி வருவார்கள். பாயின் உதவிக்கு இருக்கும் பையன் இந்தியும் கொஞ்சம் வங்காளமும் கலந்து சமாளிப்பான். எனக்குக் காசு மேல் நாட்டமில்லை. காசு கனக்கும், களிம்பு பிடிக்கும். நோட்டு ஆல்பங்கள் உள்ளே மர அலமாரியில்.

வேலூரில் பிரிட்டிஷ் நோட்டு எப்படி என்று முதல் நாளே கேட்டேன். "இன்னா சார் இப்டி கேக்குறீங்க, நம்ம ஊரு தோலு லண்டனுக்குத்தானே போச்சு" என்றார். உண்மைதான். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை முழுக்கத் தோல் ஷாப். அந்த வியாபாரத்தில் லண்டன் போய்வந்தவர்கள் சட்டைப்பையில் மிஞ்சிய நோட்டு அப்படியே பீரோவில் தங்கிவிடும். பேரன் காலத்தில் வீட்டை இடிக்கும்போது வெளியே வரும். பாய் அப்படி வீடு வீடாகப் போய் வாங்குகிறார். மும்பை வியாபாரியிடம் மொத்தமாக வாங்கி அடுக்குகிற கடை இல்லை என்பதுதான் இதன் முதல் பலம். நோட்டுகளில் பாதிக்கு ஓரத்தில் குண்டூசித் துளை இருக்கும். நோட்டுக் கட்டை ஊசியால் குத்தி வைப்பது நம் ஊர்ப் பழக்கம். ரிசர்வ் வங்கி 2001ல் நிறுத்தச் சொல்லும் வரை நானே எத்தனையோ ஆயிரம் கட்டு குத்தியிருக்கிறேன். லண்டன் நோட்டில் இந்தத் துளையைப் பார்த்தால் அது நம் பக்கம் வந்து குடியிருந்தது என்று அர்த்தம் வைத்துக்கொள்வேன். விலைக்கு அது குறை, எனக்கு இல்லை.

அந்த அலமாரியில் ஒரு சோகமும் இருக்கிறது. வெள்ளை ஐந்து பவுண்டு. இதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: கிட்டத்தட்ட ஒரு சாண் நீளம், வெள்ளைத் தாளில் ஒரு பக்கம் மட்டும் கறுப்பு மையில் எழுத்து, பின்பக்கம் வெறும் தாள். 1793ல் தொடங்கிய ஐந்து பவுண்டு நோட்டு, 1957ல் நீல நிறத்துக்கு மாறும் வரை ஏறக்குறைய இந்த முகத்தோடுதான் இருந்தது. பார்த்தால் நோட்டு மாதிரியே இருக்காது, சார்பதிவாளர் ஆபீஸ் பத்திரம் மாதிரி இருக்கும். தோல் வியாபாரக் குடும்பம் ஒன்று இதைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று நினைத்து, ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் செய்துவிட்டது! ஓ'பிரையன் கையெழுத்து, மடிப்பே இல்லாத நோட்டு. இனி அதைப் பிரிக்க முடியாது. பாய் அதை விற்பதில்லை. வீட்டில் பழைய நோட்டு இருக்கிறது என்று யாராவது போன் செய்தால், "மொதல்ல லேமினேசன் பண்ணாதீங்கோ" என்றுதான் பேச்சையே தொடங்குகிறார்.

வெள்ளை நோட்டைப் பற்றிப் பேசினால் ஜெர்மன்காரர்களை விட முடியாது. இரண்டாம் உலகப்போரில் சாக்சன்ஹவுசன் முகாமில் யூதக் கைதிகளை வைத்து 5, 10, 20, 50 பவுண்டு வெள்ளை நோட்டுகளைக் கள்ளத்தனமாக அச்சடித்தார்கள். 1943ல் இங்கிலாந்து வங்கி 10 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள நோட்டுகளை வெளியிடுவதையே நிறுத்திக்கொண்டது. மறுபடி 10 பவுண்டு நோட்டு வந்தது 1964ல். மிச்சக் கள்ள நோட்டை ஆஸ்திரியாவில் டாப்லிட்ஸ் ஏரியில் மூழ்கடித்தார்கள். 1959ல் அதைப் பெட்டி பெட்டியாக மேலே எடுத்தார்கள். கள்ள நோட்டு என்றால் சிவப்பு மையில் முத்திரை குத்திப் பழகிய எனக்கு, ஒரு ஏரி நிறையக் கள்ள நோட்டு என்பது இன்னும் நம்ப முடியாத சங்கதி.

இந்தக் கள்ள நோட்டுப் பயத்தில்தான் பாயிடம் நான் செய்த முதல் வாக்குவாதமே பிறந்தது. ஆல்பத்தில் பச்சை ஒரு பவுண்டு. கீழே சீட்டில் "பெப்பியாட், 1934, போருக்கு முந்தியது, ரூ. 2,800". பெப்பியாட் 1934லிருந்து 1949 வரை சீஃப் கேஷியர், அதனால் கையெழுத்தை மட்டும் வைத்து ஆண்டு சொல்ல முடியாது. கவுன்ட்டர் பழக்கத்தில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். மெல்லிசாகக் கறுப்புக் கோடு, உலோக இழை. அந்த இழையை நோட்டுக்குள் முதன்முதலில் வைத்ததே 1940ல்தான், ஜெர்மன் கள்ள நோட்டுக்குப் பயந்து. அப்போது ஒரு பவுண்டைப் பச்சையிலிருந்து நீலத்துக்கும், பத்து ஷில்லிங்கைச் செம்பழுப்பிலிருந்து ஊதாவுக்கும் மாற்றினார்கள். போர் முடிந்து 1948ல் திரும்பப் பச்சை வந்தது. ஆகவே இழையும் பச்சையும் பெப்பியாட்டும் ஒன்றாக இருந்தால் அது போருக்குப் பிந்தியது. இதைச் சொன்னதும் பாய் நோட்டை வாங்கி ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, "ஆயிரத்து அறுநூறு குடுங்கோ சார்" என்றார். கோபமில்லை, சால்ஜாப்பு இல்லை. வாங்கிக்கொண்டேன்.

அடுத்த மாதமே இதற்குப் பதில் மொய் வைக்க வேண்டி வந்தது. "கிழிசல், அழுக்கு, எதை எடுத்தாலும் 300" என்று ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்திருக்கிறார். அதில் ஊதாப் பத்து ஷில்லிங் ஒன்று, "சாயம் போனது" என்று சீட்டு ஒட்டி. சாயம் போகவில்லை, போர்க்கால நோட்டின் நிறமே அதுதான். முன்னூறைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போயிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை, சொல்லிவிட்டேன். பாய் சிரித்தார். "வாங்கிட்டு அப்பாலிக்கா சொல்லியிருக்கலாமே சார்" என்றார். சிரித்துக்கொண்டே 600 வாங்கினார். வீட்டில் இதைச் சொன்னதும் வந்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது.

விளங்கியிருக்கும், இந்தக் கடையில் சீட்டை நம்பக் கூடாது. ஆனால் ஆளை நம்பலாம். எந்த நோட்டையும் உறையிலிருந்து எடுத்துக் கையில் கொடுக்கிறார். வெளிச்சத்தில் பார்க்கலாம், யூவி விளக்கு வைத்திருக்கிறார், பூதக்கண்ணாடி தருகிறார், அரைமணி நேரம் பார்த்துவிட்டு வாங்காமல் எழுந்தாலும் டீ உண்டு. இதன் அருமை எனக்கு இணையத்தில் ஏமாந்த பிறகுதான் புரிந்தது. "ஒரிஜினல் வெள்ளை ஐந்து பவுண்டு" என்று படம் பார்த்து 4,000 ரூபாய் அனுப்பினேன். வந்த தாளில் வாட்டர்மார்க் இல்லை. பாயின் யூவி விளக்கில் பிடித்தால் டியூப்லைட் மாதிரி பளீரென்று எரிந்தது. துணிக்கந்தலில் செய்த பழைய காகிதம் அப்படி ஒளிராது, மங்கலாகத்தான் இருக்கும். அந்தக் காகிதம் ஹாம்ப்ஷயரில் போர்ட்டல் குடும்பத்தின் ஆலையில் 1724லிருந்து இங்கிலாந்து வங்கிக்காகச் செய்தது. 1861ல் நம் நாட்டுக்கு அரசு நோட்டு வந்தபோது அதற்கும் காகிதம் அங்கிருந்துதான். விரலில் பட்டால் மொடமொடவென்று ஒரு சத்தம் வரும், அதைப் படத்தில் எப்படிப் பார்ப்பது?

1861 என்றதும் ஒரு வேடிக்கை. அந்த முதல் இந்திய நோட்டிலேயே விக்டோரியா ராணி தலை இருக்கிறது. ஆனால் லண்டனில் இங்கிலாந்து வங்கி நோட்டில் முடிசூடியவர் படம் முதன்முதலில் வந்தது 1960ல், எலிசபெத் ராணி, ஒரு பவுண்டில். நூறு வருஷ இடைவெளி! ராஜா ராணியைப் பார்க்காதவர்களுக்குத்தான் படம் காட்ட வேண்டும் என்று நினைத்தார்களோ என்னவோ. நடுவே 1914ல் ஐந்தாம் ஜார்ஜ் படத்தோடு நோட்டு வந்ததே என்று கேட்பீர்கள். அது கருவூல நோட்டு, வங்கியுடையது இல்லை. முதல் உலகப்போரில் பிரிட்டன் இறங்கிய மூன்றாம் நாள், தங்கக் காசு கைக்கு வராமல் போய்விடும் என்ற நெருக்கடியில், ஒரு பவுண்டுக்கு அவசரமாக நோட்டு அடித்தார்கள். காகிதம் அகப்படாமல் தபால்தலை அடிக்கிற தாளில் அடித்தார்கள். கருவூலச் செயலாளர் ஜான் பிராட்பரி கையெழுத்துப் போட்டதால் அதற்குப் பெயரே பிராட்பரி. பாயிடம் பிற்கால பிராட்பரி ஒன்று கண்ணாடிச் சட்டத்தில் இருக்கிறது. விலை கேட்டால் அண்ணாந்து ஃபேனைப் பார்ப்பார். அதே போர்தான் இங்கே வெள்ளித் தட்டுப்பாட்டைக் கொண்டுவந்து, 1917ல் நமக்கு ஒரு ரூபாய் நோட்டைக் கொடுத்தது. அதுவும் கடையில் உண்டு, கிழிந்தது.

இப்போது குறைகள். பெரியது, உறை. சாதா பி.வி.சி. உறையில், ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கிற ஃபைல் தாளில் நோட்டு வைத்திருக்கிறார். வேலூர் வெயில் தெரியும் அல்லவா? அக்னி நட்சத்திரத்தில் அந்த அறை வடைச்சட்டி. பி.வி.சி. இளகி, ஒருவித எண்ணெய்ப் பிசுக்கு விட்டு, நோட்டோடு ஒட்டும். ஒரு டிக்கன்ஸ் பத்து பவுண்டு, பின்னால் கிரிக்கெட் ஆட்டம் போட்டிருக்குமே அந்த 1992 நோட்டு, உறையோடு ஒட்டி மை உரிந்துபோனதை நானே பார்த்தேன். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள் பாய் என்று நாலு தடவை சொல்லிவிட்டேன். "வாங்கணும் சார்" என்கிறார். இங்கே வாங்குகிறவர்கள் அன்றைக்கே உறையை மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, தரம் பார்ப்பதில் தாராளம். மடிப்பே இல்லாத நோட்டைத்தான் யூ.என்.சி. என்று சொல்ல வேண்டும். இவர் அகராதியில் அழுக்கில்லாதது எல்லாம் யூ.என்.சி. ஒரு நைட்டிங்கேல் பத்து பவுண்டை அப்படி வாங்கி வீட்டுக்குப் போய், மேசை விளக்கைச் சாய்த்து வைத்துப் பார்த்தால் நடுவே மடிப்பைத் தேய்த்து நிமிர்த்திய தடம். யாரோ இஸ்திரி போட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் திருப்பிக் கொண்டுபோனேன். மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார், ஆனால் காசாகத் தரவில்லை, வேறு நோட்டில் கழித்துக்கொள்ளச் சொன்னார். எனக்குப் பரவாயில்லை, வெளியூர்க்காரர்களுக்கு இது இடைஞ்சல்.

மூன்றாவது, ஸ்காட்லாந்து வங்கிகளின் நோட்டுகளையும் ஜெர்சித் தீவு நோட்டையும் "இங்கிலாந்து" ஆல்பத்திலேயே கலந்து வைத்திருக்கிறார். அங்கே தனித்தனி வங்கிகளும் அரசும் சொந்தமாக நோட்டு வெளியிடுகின்றன. என்னைப் போல சீஃப் கேஷியர் வரிசை பார்க்கிறவர்களுக்குப் புரட்டிப் புரட்டிக் கை வலிக்கும்.

பில் கேட்டால்தான் எழுதித் தருவார். யூ.பி.ஐ. உண்டு. பேரம் கொஞ்சம்.

விலைக்கு ஒரு மாதிரி சொல்கிறேன். நியூட்டன் படம் போட்ட ஒரு பவுண்டு, சாமர்செட் கையெழுத்து, 350. 1978ல் வந்து 1988ல் நிறுத்தப்பட்ட கடைசி ஒரு பவுண்டு நோட்டு அது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதிலேயே தொடங்கலாம். பீல் கையெழுத்துப் பச்சை 1,400. பத்து ஷில்லிங் நோட்டும் சின்ன விலைதான். ஷில்லிங் கணக்கு இளவட்டங்களுக்குத் தலை சுற்றும்: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, ஆக 240 பென்ஸ். நம் அணாக் கணக்கில் 12 பை ஒரு அணா, 16 அணா ஒரு ரூபாய், ஆக 192 பை. நாம் 1957லேயே நூறுக்கு மாறிவிட்டோம், அவர்கள் 1971 பிப்ரவரியில்தான் மாறினார்கள். அந்த விஷயத்தில் நாம் சீனியர்.

சுவரில் பையன் கையால் எழுதிய அட்டை ஒன்று: "ட்ராக்டர் 5 ரூபாய்க்கு லட்சம் கிடையாது. 786க்கும் கிடையாது." ட்ராக்டர் படம் போட்ட நோட்டு, 786 எண் உள்ள நோட்டு என்று பழைய நோட்டு விற்றால் லட்சம் என வருகிற செய்திகளை நம்புகிறவர்களை ரிசர்வ் வங்கி பெயரிலேயே ஏமாற்றுகிறார்கள் என்று அந்த வங்கியே 2021ல் எச்சரித்தது. தினமும் நாலு பேராவது படியேறி வந்து இந்த அட்டையைப் படித்துவிட்டு இறங்குவார்களாம்.

"செல்லாத நோட்டுக்குச் செல்ற நோட்டைக் கொடுத்துட்டு வர்றீங்க" என்பது என் மனைவியின் கட்சி. அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. இங்கிலாந்து வங்கி தன் பழைய நோட்டை எப்போது கொண்டுபோனாலும் அதில் போட்ட தொகையைத் தரும், கெடுவே கிடையாது. 1961ல் செல்லாமல் போன வெள்ளை நோட்டுக்கும் இன்றைக்கு ஐந்து பவுண்டு உண்டு. 2016 நவம்பர் 8க்குப் பிறகு ஏழு வாரம் கவுன்ட்டரில் உட்கார்ந்து 500, 1000 நோட்டுகளை வாங்கியவன் நான். டிசம்பர் 30க்கு மறுநாள், காட்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி அரிசிப்பானையில் ஒளித்து மறந்த ஆறு ஆயிரத்தோடு வந்து நின்றது. "நல்ல நோட்டுதானே சாமி, பாரு, கிழியலயே" என்றது. "ஆயா, தேதி முடிஞ்சிடுச்சு" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. ஒரு பவுண்டு நோட்டில் "கேட்டவுடன் தருவதாக உறுதியளிக்கிறேன்" என்ற வரியையும் அதற்குக் கீழே ஒரு கேஷியர் பெயரையும் படிக்கும்போது, எனக்கு அந்தப் பாட்டிதான் ஞாபகத்துக்கு வருகிறது.

என் வரிசையில் மஹோன் ஒன்று இல்லை. 1928 நவம்பரில் இங்கிலாந்து வங்கி முதன்முதலில் நிறத்தில் ஒரு பவுண்டு வெளியிட்டபோது கையெழுத்துப் போட்டவர். மறுவருஷமே பதவி விட்டுவிட்டார், அதனால் நோட்டும் குறைவு. பாயிடம் ஒன்று வந்திருக்கிறது, மேல் மூலையில் கிழிசல், 7,500 சொல்கிறார். 6,000 கேட்டிருக்கிறேன். யாருக்கும் காட்டாமல் எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். பாலியெஸ்டர் உறை ஒன்றை நானே வாங்கிக் கொடுத்து அதில் போடச் சொல்லிவிட்டு வந்தேன்.

போகிறவர்கள் காலை பதினொன்றுக்கு மேல் போங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காக மூடியிருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏற வேண்டாம், கயிற்றுக் கடை வாசலில் நின்று குரல் கொடுத்தால் பையன் ஆல்பத்தைக் கீழே கொண்டுவருவான். கயிற்றுக் கடைக்காரர் ஸ்டூலும் போடுவார்.